மாற்ற வேண்டியது பிள்ளையையா, படிப்பையா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக மனதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் வரிசையை விட்டுவிட்டு அதை முதலில் எடுக்கிறேன். நம் டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகன் மருத்துவம் கடைசி வருஷம். நன்றாகப் படிக்கிற பிள்ளை. ஆனால் அவசரப் பிரிவு என்றாலே கை நடுங்குகிறது என்கிறான். ஆறு வருஷம் படித்தும் இப்படி என்றால், மாற்ற வேண்டியது பிள்ளையையா, படிப்பையா?"

அம்மா, பிள்ளையை மாற்ற வேண்டாம். கை நடுங்குகிறது என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்கிற பிள்ளை நல்ல பிள்ளை. நடுங்கவே இல்லை என்கிறவனோடு ராத்திரி டியூட்டி பார்க்கத்தான் எனக்குப் பயம். படிப்பைப் பற்றித்தான் பேச வேண்டும்.

தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இது பழைய பாட்டுதான், ஆனாலும் திரும்பச் சொல்கிறேன். நோயாளி யாரும் நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வருவதில்லை. பாடப்புத்தகத்தில் முதலில் பெயர் இருக்கும், அதற்குக் கீழே அறிகுறி, பரிசோதனை, கடைசியில் சிகிச்சை. அவசரப் பிரிவில் இது தலைகீழ். சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பெரியம்மா வருவார், "வயிற்றில் காஸ் தம்பி, ராத்திரி பிரியாணி சாப்பிட்டேன்" என்பார். முகமெல்லாம் வேர்த்திருக்கும். சர்க்கரை இருபது வருஷமாக இருக்கும். சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல்கூட வரும், நம் ஜனங்களில் சர்க்கரை இல்லாத வீடு எது? அப்போது மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, மூச்சு போகிறதா, ரத்த ஓட்டம் எப்படி, நினைவு எப்படி, உடம்பில் கண்ணுக்குத் தெரியாத காயம் ஏதும் உண்டா என்று பார்த்துக்கொண்டே, பார்க்கும்போதே சரி செய்துகொண்டே போக வேண்டும். நோயின் பெயர் அப்புறம் வரட்டும். இந்த வரிசையைக் கடைசி வருஷத்தில் இரண்டு வாரம் காட்டினால் போதாது. முதல் வருஷத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

என் கதையைச் சொல்கிறேன். நான் இன்டர்னாக, அதாவது படிப்பு முடித்த பயிற்சி டாக்டராக இருந்த காலம், மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ராத்திரி. சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை அவசரப் பிரிவு எப்படி இருக்கும் என்று இந்தத் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நெஞ்சில் கத்திக்குத்தோடு ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது. மூச்சு இரைக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, ஒரு பக்கம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் சத்தமே இல்லை. நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்துகொண்டே போய் இதயத்தையே நெருக்குகிற நிலை, டென்ஷன் நியூமோதோராக்ஸ். அதைப் பற்றிப் பரீட்சையில் நாலு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். எக்ஸ்ரேக்குக் காத்திருக்கக் கூடாது என்பதும் அந்த நாலு பக்கத்தில் இருந்தது. ஆனால் என் கை எக்ஸ்ரே சீட்டை எழுதிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற சிஸ்டர், சூலு இனத்து அம்மா, என் அம்மாவின் வயது, ஒரு பெரிய ஊசியின் உறையைப் பிரித்து என் கையில் வைத்து, "டாக்டர், இப்போது" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. ஊசி உள்ளே போனதும் சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். பையன் பிழைத்தான். அன்றைக்கு எனக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர் அந்த சிஸ்டர்.

அன்று நான் ஊசி போட்டது மார்பின் மேல்பக்கம், இரண்டாவது விலா இடைவெளியில். பலத்த அடிபட்டு வருகிறவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்று டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி ஏ.டி.எல்.எஸ். 2018-ல் வந்த அதன் பத்தாம் பதிப்பு, பெரியவர்களுக்கு அக்குளுக்குக் கீழே நான்காவது அல்லது ஐந்தாவது இடைவெளியில் போடச் சொல்லி மாற்றிவிட்டது. நான் மனப்பாடம் செய்த இடமே மாறிவிட்டது, பாருங்கள்.

அந்த ஏ.டி.எல்.எஸ். பயிற்சி பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜேம்ஸ் ஸ்டைனர் என்று அமெரிக்காவில் ஒரு எலும்பு மருத்துவர். 1976 பிப்ரவரியில் குடும்பத்தோடு சொந்தச் சிறு விமானத்தில் போகும்போது நெப்ராஸ்காவில் ஒரு வயலில் விழுந்துவிடுகிறார். மனைவி அங்கேயே இறந்துவிட்டார். நாலு பிள்ளைகளில் மூன்று பேருக்குப் பலத்த அடி. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே இருந்தவர்களுக்கு எதை முதலில் செய்வது என்றே தெரியவில்லை. வயலில் வெறுங்கையோடு தான் செய்தது அங்கே நடந்ததைவிட மேல் என்று அந்த மனிதர் கண்டார். அந்த ஆத்திரத்தில், சக மருத்துவர்களோடும் நர்ஸ்களோடும் உட்கார்ந்து ஒரு பயிற்சியை உருவாக்கினார். 1978-ல் முதல் வகுப்பு. 1980-ல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு உலகமெங்கும் நடக்கிறது, இங்கேயும் நடக்கிறது. நோயின் பெயரைத் தேடாதே, உயிரை முதலில் எடுப்பது எதுவோ அதை முதலில் சரி செய் என்பதுதான் அதன் சாரம். நான் சொல்கிற அதே விஷயம்தான்.

ஆனால் இந்த மாதிரிப் பயிற்சிகளிலும் ஒரு குறை இருக்கிறது. இரண்டு மூன்று நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், அது நாலு வருஷம் செல்லும். கை நாலு வருஷம் தாங்குமா? சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம். வகுப்பு முடிந்த அன்று எல்லோரும் அழகாகச் செய்வார்கள். சில மாதம் கழித்துப் பொம்மையைக் கொடுத்துப் பார்த்தால் வேகமும் ஆழமும் போயிருக்கும். திரும்பத் திரும்ப சோதித்துப் பார்த்துச் சொன்ன விஷயம் இது. அதனால், வருஷத்துக்கு ஒரு நாள் ஹோட்டல் ஹாலில் வைக்கிற பயிற்சியைவிட, வாரம் பத்து நிமிஷம், நாம் வேலை செய்கிற அதே கட்டில் பக்கத்தில், அவசர மருந்தும் கருவியும் இருக்கிற அதே டிராலியை வைத்துச் செய்வது மேல்.

ஏன் அதே டிராலி? நாங்கள் ஒரு இடத்தில் இப்படி ஒத்திகை பார்த்தோம். பொம்மைக்கு மூச்சு நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு டிராலியைத் திறந்தால், தொண்டைக்குள் பார்க்கிற லாரிங்கோஸ்கோப்பில் பேட்டரி செத்திருக்கிறது. இன்னொரு இழுப்பறை பூட்டியிருக்கிறது, சாவி டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனவரின் பையில். பொம்மையாக இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எந்தப் புத்தகமும் எங்களுக்கு அதைக் காட்டியிருக்காது.

டர்பனில் வளர்ந்தவர்களுக்கு சிக்ஸ் ஃபுட் டான்ஸ் தெரியும், நம் தெருக்கூத்துதான். என் தாத்தா பின்பாட்டு பாடுவார். ராஜா வேஷக்காரர் ஒரு வீட்டில், மத்தளக்காரர் இன்னொரு வீட்டில், பாடுகிறவர் மூன்றாவது வீட்டில் என்று தனித்தனியாகப் பழகிவிட்டு, கோயில் திருவிழா அன்றுதான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள் என்றால் கூத்து என்ன ஆகும்? நம் ஊரில் அதுதான் நடக்கிறது. டாக்டர் பிள்ளைகள் நெல்சன் மண்டேலா மருத்துவக் கல்லூரியில், ஆம்புலன்ஸ்காரர்கள் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், நர்ஸ்கள் நர்சிங் கல்லூரியில். மூன்று பேரும் முதன்முதலில் சேர்ந்து வேலை செய்வது ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கும்போது. இவர்களை மாணவர்களாக இருக்கும்போதே மாதம் ஒரு தடவை ஒரே அறையில் சேர்த்துப் பழக்கினால் எவ்வளவோ மாறும்.

நாம் நன்றாகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வண்ண டிரையாஜ், அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று நோயாளிகளை நிறம் வைத்துப் பிரிப்பது பற்றிப் போன வருஷம் விரிவாகப் பேசியிருக்கிறேன். 2004-ல் கேப் டவுனில் ஒரு குழு கூடி ஆரம்பித்தது. சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு பத்து நிமிஷத்துக்குள், மஞ்சள் ஒரு மணி நேரத்துக்குள், பச்சை காத்திருக்கலாம். அதை டாக்டரை நம்பி வடிவமைக்கவில்லை. வாசலில் நிற்கிற நர்ஸ் நாடியையும் மூச்சையும் எண்ணி முடிவெடுக்கிற மாதிரி வைத்தார்கள். யார் உண்மையில் அங்கே நிற்கிறார்களோ அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

அம்மா, உங்கள் கேள்விக்குப் பக்கத்திலேயே இன்னொரு கேள்வி இருக்கிறது. என் மகன் பக்கத்தில் யார் நிற்பார்கள்? என் காலத்தில் இன்டர்ன் ஒரு வருஷம்தான். இப்போது இரண்டு வருஷம், அப்புறம் ஒரு வருஷம் சமூகச் சேவை. அந்த மூன்றாவது வருஷம் அவன் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ராத்திரி தனியாக நிற்கலாம். 2005-ல் டென் கேட் என்கிற டச்சுக் கல்வியாளர் ஒரு யோசனை சொன்னார்: மார்க்கைப் பார்க்காமல், இந்த வேலையை இவனிடம் நம்பி ஒப்படைக்கலாமா, பக்கத்தில் ஆள் வேண்டுமா, போனில் ஆள் இருந்தால் போதுமா என்று வேலை வேலையாகப் பாருங்கள் என்றார். எனக்கு இது அப்படியே சரியாகப்படுகிறது. நெஞ்சில் குழாய் போட இவனுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று தெரிந்தால், ஆளைப் போட வேண்டியது மேலே இருப்பவர்களின் பொறுப்பு. கை நடுங்குகிறது என்று அந்தப் பிள்ளையைத் திட்டி என்ன பயன்?

மகனிடம் இதை மட்டும் சொல்லுங்கள். முதல் நாள் அரை மணி நேரம் முன்னாலேயே போகட்டும். எமர்ஜென்சி டிராலியின் ஒவ்வொரு இழுப்பறையையும் தன் கையாலேயே திறந்து பார்க்கட்டும், லாரிங்கோஸ்கோப் எரிகிறதா என்று பார்க்கட்டும். அப்புறம் அன்றைக்கு டியூட்டியில் இருக்கிற சிஸ்டர்களிடம் போய்ப் பெயரைக் கேட்டு, "நான் புதுசு, நான் தயங்கினால் சொல்லுங்கள்" என்று சொல்லட்டும், சூலு மொழியில் சொல்லத் தெரிந்தால் இன்னும் நல்லது.

சரி, அடுத்த கேள்வி லேடிஸ்மித்திலிருந்து, பாம்புக்கடி.