போபால்: அன்று ஓடிய தெருக்களில் ஒரு நடை

வணக்கம் மக்களே. இப்போது போபாலில், ஜே.பி. நகரில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் நீளமாகத் தெரிகிறதே, அந்தச் சுவர் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையின் சுவர். இந்த ஊரில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, 'கார்பைடு' என்றாலே போதும். கேமராவைக் கொஞ்சம் திருப்புகிறேன், பாருங்கள். அந்தப் பக்கம் சுவர். இந்தப் பக்கம் வாசலில் துணி காயப்போட்ட கொடி. நடுவில் ஒரு ரோடு. அவ்வளவுதான் தூரம்.

1984 டிசம்பர் 2 ராத்திரி அந்தத் தொழிற்சாலையிலிருந்து விஷவாயு கசிந்தபோது இந்தத் தெருவில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர்தான் இன்றைக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார். அப்போது அவருக்கு 12 வயது. பெயர் வேண்டாம், முகமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் வீடியோவில் அவருடைய கையும் துப்பட்டாவும் செருப்பும்தான் வரும். தெருவே அவரை 'ஆப்பா' என்று கூப்பிடுகிறது, உருதுவில் அக்கா என்று அர்த்தம், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். எனக்குத் தெரிந்த இந்தியைக் கொண்டு சமாளித்தேன். விளங்காத இடத்தில் இந்த ஊர் நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்னார்.

நடை ஆரம்பிக்கிற இடம் இந்தச் சிலை. ஒரு தாய் கையால் முகத்தை மூடிக்கொண்டு, இன்னொரு கையில் குழந்தையை அணைத்துக்கொண்டு ஓடுகிறாள். இன்னொரு பிள்ளை பின்னாலிருந்து அவள் சேலையைப் பிடித்துத் தொங்குகிறது. நெதர்லாந்துச் சிற்பி ரூத் வாட்டர்மேன் 1985-இல் செய்து கொடுத்தது. ஹிரோஷிமாவும் வேண்டாம், போபாலும் வேண்டாம், நாங்கள் வாழ வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறது. இவ்வளவு பெரிய துயரத்துக்குத் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே நிற்கிற சின்னம் இதுதான். இதையும் அரசாங்கம் வைக்கவில்லை.

ஆப்பா சிலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. துப்பட்டாவின் ஒரு முனையைப் பிடித்துக் கையைத் தூக்கினார். துணி மெல்ல ஆடியது. "அன்றைக்குக் காற்று அங்கிருந்து இங்கே" என்று தொழிற்சாலைப் பக்கமிருந்து ஊருக்குள் கையை இழுத்துக் காட்டினார். "நாங்கள் ஓடியதும் அந்தப் பக்கம்தான்."

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இது புரிந்தால்தான் மீதி நடை புரியும். தொழிற்சாலைக்குள் 610 என்ற எண்ணுள்ள தொட்டியில் மீதைல் ஐசோசயனேட் இருந்தது. செவின் என்ற பூச்சிமருந்து தயாரிக்க வைத்திருந்த ரசாயனம் அது. தொட்டிக்குள் தண்ணீர் புகுந்ததும் உள்ளே சூடு ஏறி, அழுத்தம் ஏறி, சுமார் 40 டன் வெளியே வந்தது. அதைக் குளிரூட்டி வைக்க வேண்டிய அமைப்பை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கசிந்தால் எரித்துவிட வேண்டிய கோபுரத்துக்குப் போகிற குழாயில் ஒரு துண்டைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். ஊரை எழுப்ப வேண்டிய சைரனும் கொஞ்ச நேரம் ஊதி நின்றுபோனது. இதையெல்லாம் 'விபத்து' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டியே போகும். அதனால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகம் சுவாசித்தார்கள். ஓட ஓட மூச்சு வாங்கும், மூச்சு வாங்க வாங்க வாயு உள்ளே போகும். காற்று போகிற திசையிலேயே ஓடியவர்கள் வாயுவோடு சேர்ந்தே ஓடினார்கள். ஒரு துணியை நனைத்து மூக்கிலும் வாயிலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். ஆப்பா இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் இருந்ததாம். துணியும் இருந்ததாம்.

நல்ல குளிர்காலம், எல்லோரும் ரஜாய்க்குள், அதாவது பஞ்சு அடைத்த போர்வைக்குள், முடங்கிக் கிடந்த நேரம். பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் வற்றலை நெருப்பில் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார்கள். இருமல் நிற்கவில்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை. வெளியே வந்து பார்த்தால் தெருவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். இதற்கு மேல் வீட்டாரைப் பற்றி அவராகச் சொன்னால் கேட்பேன், நானாகக் கேட்க மாட்டேன் என்று முடிவோடு வந்திருந்தேன். அவர் சொன்னதில் கொஞ்சத்தை அவர் கேட்டுக்கொண்டபடி இந்த வீடியோவில் வைக்கவில்லை.

சரி, நடக்கலாம். தொழிற்சாலைக்குள் போக அரசு அனுமதி வேண்டும், அதனால் சுவரை ஒட்டியே போகிறோம். சுவர் முழுக்க எழுத்தும் ஓவியமும். ஒரு எழுத்து மங்கினால் அதன் மேலேயே அடுத்தது வந்துவிடும் என்கிறார் ஆப்பா. ஆண்டர்சன் பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது. வாரன் ஆண்டர்சன், அப்போது அமெரிக்கத் தலைமை நிறுவனத்தின் தலைவர். 1984 டிசம்பர் 7 அன்று போபாலுக்கு வந்தார், கைதானார், அன்றே ஜாமீனில் வெளியே வந்தார், நாட்டை விட்டும் போய்விட்டார். 2014-இல் அமெரிக்காவில் இறந்தார். கடைசிவரை இங்கே ஒரு கோர்ட்டுக்கும் அவர் வரவில்லை. இந்தியப் பொறுப்பாளர்கள் ஏழு பேருக்கு 2010 ஜூன் 7 அன்று இரண்டு வருடத் தண்டனை தீர்ப்பானது, உடனே ஜாமீனும் கிடைத்தது. அதைச் சொல்லும்போதுகூட ஆப்பா குரலை உயர்த்தவில்லை.

இங்கிருந்து ரயில்வே ஸ்டேஷன் பக்கம் திரும்புகிறோம். அன்று கூட்டம் ஓடிய பாதைகளில் இதுவும் ஒன்று. இன்றைக்கு இங்கே மெக்கானிக் ஷாப், பால் பூத், மொபைல் ரீசார்ஜ் கடை. தனியாக வந்திருந்தால் இந்தத் தெருவை நான் ஒரு நிமிஷத்தில் கடந்து போயிருப்பேன். எந்தப் பலகையும் இல்லை. ஆப்பா ஒரு ஹேண்ட்பம்ப் இருந்த இடத்தில் நின்றார், இங்கேதான் அம்மா விழுந்தார் என்றார். ஒரு சந்துப் பாதையைக் காட்டி, அதில் நுழைந்தவர்கள் பிழைத்தார்கள், நேரே போனவர்கள் விழுந்தார்கள் என்றார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நிழல் பார்த்து நிற்கிறார், இருமுகிறார், கண்ணைத் துடைக்கிறார், மறுபடி நடக்கிறார். அவசரப்படுத்தாதீர்கள் என்று நண்பர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நிற்கிற நேரமும் இந்த நடையில் சேர்ந்ததுதான்.

ஸ்டேஷனில் முதல் பிளாட்பாரத்தில், பணியிலேயே உயிர்விட்ட ரயில்வே ஊழியர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. பயணிகள் பெட்டியை இழுத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இங்கே குலாம் தஸ்தகீர் என்ற துணை நிலைய அதிகாரியைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். அன்றிரவு பணியில் இருந்தவர். பிளாட்பாரத்தில் நின்ற கோரக்பூர் எக்ஸ்பிரஸை, புறப்படும் நேரத்துக்குக் காத்திருக்காமல் தன் பொறுப்பில் கிளப்பிவிட்டார். போபாலுக்குள் வேறு ரயிலை விடாதீர்கள் என்று பக்கத்து நிலையங்களுக்குத் தகவல் சொன்னார். தன் குடும்பமும் இதே ஊரில் வாயுவுக்குள் இருக்கிறது என்று தெரிந்தும் பிளாட்பாரத்தை விட்டுப் போகவில்லை. பிறகு வருஷக்கணக்கில் நோயோடு இருந்து 2003-இல் காலமானார். நம் பாடப்புத்தகங்களில் இவர் பெயர் வர வேண்டும். நான் மனசாரச் சொல்கிறேன்.

ஸ்டேஷனிலிருந்து ஆப்பாவை யாரோ ஒரு வண்டியில் ஏற்றி ஹமீதியா மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே டாக்டர்களுக்கே என்ன வாயு என்று தெரியாது, எதைக் கொடுத்து முறிப்பது என்றும் தெரியாது. கண்ணில் சொட்டுமருந்து விட்டார்கள், அடுத்தவரைப் பார்க்கப் போனார்கள். மறுநாள் இந்துக்களுக்குச் சோலா மயானத்தில் விறகு போதவில்லை, முஸ்லிம்களுக்குக் கபரஸ்தானில் இடம் போதவில்லை என்று ஆப்பா சொன்னார். இறந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. மாநில அரசு உறுதிசெய்த எண் 3,787. மரணத்துக்கு இழப்பீடு கொடுத்த கணக்கு 5,295. பிறகு வந்த வருஷங்களில் நோயில் போனவர்களையும் சேர்த்தால் 20,000-ஐத் தாண்டும் என்கின்றன பாதிக்கப்பட்டோர் அமைப்புகள். வாயுவுக்கு ஆளானவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். 1989-இல் நிறுவனத்தோடு ஆன சமரசம் 47 கோடி டாலர். பெரும்பாலானவர்கள் கையில் அதிலிருந்து முதலில் கிடைத்தது 25,000 ரூபாய். அதுவும் தவணையாக, அலைந்து அலைந்து. கூடுதல் இழப்பீடு கேட்டு மத்திய அரசு போட்ட கியூரேட்டிவ் மனுவை, அதாவது சீராய்வுக்கும் பிறகு போடுகிற கடைசி மனுவை, 2023 மார்ச் 14 அன்று சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது.

இந்த ஊர்ப் பெண்கள் நடப்பதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1989-இல் ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா இருவரும் கூட வேலை செய்த பெண்களைத் திரட்டிக்கொண்டு டெல்லிக்கு நடந்தே போனார்கள். 2006-இலும் 2008-இலும் பாதிக்கப்பட்டவர்கள் மறுபடி டெல்லிக்கு நடந்தார்கள். கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர், நுரையீரல் கெட்டவர்கள் நடந்த 800 கிலோமீட்டர். ரஷீதா பீக்கும் சம்பா தேவிக்கும் 2004-இல் கோல்டுமேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அந்தப் பணத்தை வைத்து சிங்காரி டிரஸ்ட் ஆரம்பித்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களில் குறைபாட்டோடு பிறக்கிற குழந்தைகளுக்கு அங்கே இலவசமாக பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் நடக்கிறது. நாங்கள் அந்த வாசல் வரைக்கும் போனோம், கேமராவைப் பையில் வைத்துவிட்டேன். நீங்கள் போனாலும் அந்தப் பிள்ளைகளைப் படம் பிடிக்காதீர்கள், தயவுசெய்து.

அப்புறம் ஆட்டோ பிடித்து பெரசியா ரோட்டில் இருக்கிற சம்பாவ்னா கிளினிக். 1996-இல் ஆரம்பித்தது. வாயுவால் பாதிக்கப்பட்டவர்களுக்கும், மாசுபட்ட தண்ணீரால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவச சிகிச்சை. அலோபதியோடு ஆயுர்வேதமும் யோகாவும் உண்டு, மருந்துச் செடிகளைத் தோட்டத்தில் அவர்களே வளர்க்கிறார்கள். ஆப்பா இங்கேதான் மருந்து வாங்குகிறார். உள்ளே நுழைந்ததுமே அவர் நடையில் ஒரு தெம்பு வந்தது, வழியெல்லாம் தெரிந்தவர்கள்.

தண்ணீர் என்று சொன்னேன் இல்லையா. வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது தெரியாது. வாயு ஒரு ராத்திரியோடு போனது. தொழிற்சாலை ஓடிய காலத்திலேயே வளாகத்துக்குள் புதைத்ததும், ஆவியாகட்டும் என்று குளங்களில் தேக்கியதுமான கழிவு மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிட்டது. சுற்றியிருக்கிற குடியிருப்புகள் அந்தத் தண்ணீரைத்தான் வருஷக்கணக்கில் குடித்தன. போராடி, சுப்ரீம் கோர்ட் உத்தரவு வாங்கி, அதற்குப் பிறகுதான் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. ஆப்பா இதைச் சொல்லும்போது பழைய கதை சொல்கிற தொனியே இல்லை. 1984-க்கு அவர் ஒதுக்கிய நேரத்தைவிடத் தண்ணீருக்கு ஒதுக்கிய நேரம் அதிகம்.

கடைசி இடம் ரிமெம்பர் போபால் மியூசியம். முப்பதாவது நினைவு நாளை ஒட்டி 2014-இல் திறந்தது. அரசுப் பணமோ கம்பெனிப் பணமோ வாங்காமல், பாதிக்கப்பட்டவர்களே சேர்த்து நடத்துகிறார்கள். ஒரு சாதாரண வீடுதான். சுவரில் பழைய டெலிபோன் ரிசீவர்கள் மாட்டியிருக்கின்றன. எடுத்துக் காதில் வைத்தால் ஒருவர் பேசுகிறார், பக்கத்தில் அவர் கொடுத்த பொருள் இருக்கிறது. இறந்துபோனவர் உடுத்திய துணி, வீட்டில் கிடந்த சாமான், படங்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தால் இப்படி இருந்திருக்காது. ரிசீவரைப் பிடித்ததும் எதிர்முனையில் இருப்பவர் என்னிடம் மட்டும் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது, பாதியில் வைக்க முடியவில்லை. ஆப்பா இங்கே ஒரு வார்த்தையும் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஓய்வு, குரல்கள் வேலையைப் பார்த்துக்கொண்டன.

தொழிற்சாலை இடத்தில் அரசு நினைவிடம் கட்டும் என்ற பேச்சு பல வருஷமாக இருக்கிறது. கட்டட்டும், நல்லதுதான் என்று நான் சொன்னதும் ஆப்பா குறுக்கிட்டார். முதலில் மண்ணைச் சுத்தம் செய்யட்டும், விஷத்தின் மேலே பளிங்குக்கல் பதித்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்டார். அவர் சொல்வதுதான் நியாயம் என்று படுகிறது.

வர நினைப்பவர்களுக்கு: பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகள், மியூசியம், கிளினிக் இவற்றில் முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள். வீட்டில் எத்தனை பேரைப் பறிகொடுத்தீர்கள் என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். அவர்கள் வேகத்துக்கு நடங்கள். ஆப்பா என்னிடம் பணம் வாங்கவில்லை, கிளினிக் உண்டியலைக் காட்டினார். டிசம்பர் 2 சாயங்காலம் வந்தால் தீப்பந்த ஊர்வலத்தில் கலந்துகொள்ளலாம், அதில் ஆப்பா ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

இன்னொரு விஷயம் பாக்கி இருக்கிறது. தொழிற்சாலையில் 40 வருஷம் கிடந்த கழிவில் 337 டன்னை 2025 ஜனவரி 1 ராத்திரி 12 கண்டெய்னர் லாரிகளில் ஏற்றி, தார் மாவட்டத்தில் இருக்கிற பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஊரில் எரிக்காதே என்று அங்கே பெரிய போராட்டம் நடந்தது. கோர்ட் உத்தரவோடு ஜூன் கடைசிக்குள் எரித்து முடித்தார்கள். எரித்தபின் சாம்பல் மிஞ்சியது. மண்ணுக்குள் புதைந்தது அந்த 337 டன்னில் சேராது, அது இன்னும் இந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது. நாளைக் காலை இந்தூர் பஸ் ஏறுகிறேன். அங்கிருந்து பீதம்பூர் பக்கம்தான். அந்த ஊர்க்காரர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஆப்பா சில கேள்விகளைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அடுத்த வீடியோவில் அந்தக் கேள்விகளோடு வருகிறேன்.