வீட்டு சர்வருக்குப் பழைய எண்டர்பிரைஸ் எஸ்எஸ்டி: எதைப் பார்த்து வாங்குவது?

[திரையில்: மூடி கழற்றிய 2.5 இன்ச் டிரைவ். கேமரா இரண்டு கெபாசிட்டர்களை நெருங்குகிறது.]

வணக்கம். இது இன்டெல் டிசி எஸ்3700, கம்பெனி சர்வர்களுக்காகச் செய்த எண்டர்பிரைஸ் எஸ்எஸ்டி, 2012-ல் வந்த டிரைவ். இந்த இரண்டு கெபாசிட்டர்களையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய எண்டர்பிரைஸ் எஸ்எஸ்டி வாங்கச் சொல்வதற்கு எனக்கு முதல் காரணமே இவைதான்.

டேட்டாபேஸ் ஒரு பதிவை எழுதிவிட்டு, "பத்திரமாகச் சேர்ந்ததா?" என்று டிரைவிடம் கேட்கும். பதில் வரும்வரை அந்த வேலை நகராது. சாதாரண எஸ்எஸ்டி ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் சிப்பில் எழுதி முடித்த பிறகுதான் "ஆச்சு" என்று சொல்ல முடியும். இந்த டிரைவ் தன் மெமரியில் வாங்கியதுமே சொல்லிவிடும். அந்த நொடியில் கரண்ட் போனாலும் கவலையில்லை, கெபாசிட்டரில் இருக்கும் மின்சாரத்தில் மிச்சத்தை எழுதி முடித்துவிடும். ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸில், இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் போட்டு நாலைந்து விர்ச்சுவல் மெஷின் ஓட்டினால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

[திரையில்: ஸ்மார்ட் ரிப்போர்ட்.]

சரி, பழசாச்சே, தேய்ந்திருக்காதா? டிரைவ் தன் நிலைமையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டை விற்பவரிடம் கேளுங்கள். தர மறுத்தால் அந்த டிரைவ் வேண்டாம். பலரும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் தேய்மானத்தைத்தான் பார்ப்பேன். இன்டெல் சாட்டா டிரைவில் (சாதாரண மதர்போர்டு கேபிளில் இணைவது) 'மீடியா வேர்அவுட் இண்டிகேட்டர்' 100-ல் தொடங்கி இறங்கும். என்விஎம்இ டிரைவில் (அதைவிட வேகமான பிசிஐஇ வழியில் இணைவது) 'பெர்சென்டேஜ் யூஸ்டு' 0-வில் தொடங்கி ஏறும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் நல்ல டிரைவை விட்டுவிட்டு தேய்ந்ததை வாங்குவீர்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். 400 ஜிபி எஸ்3700-ஐ ஐந்து வருடம், தினமும் பத்து முறை முழுக்க நிரப்பி எழுதலாம் என்பது இன்டெல் சொன்ன அளவு. மொத்தம் 7,300 டிபி (ஒரு டிபி என்பது 1,000 ஜிபி). பாதி தீர்ந்த டிரைவ் கிடைத்தாலும் 3,650 டிபி மிச்சம். வீட்டில் நாளுக்கு 100 ஜிபி எழுதினால், தீர நூறு வருடம் ஆகும்! அதற்கு வெகு முன்பே வேறு ஏதாவது பாகம் பழுதாகிவிடும்.

ஆனாலும் மணிக்கணக்கு ஒரேயடியாகத் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். 2019 நவம்பரில் சர்வர் விற்கும் எச்பிஇ நிறுவனம் தன் சில சாஸ் எஸ்எஸ்டிகளைப் (சாஸ் என்பது சர்வர்களில் வரும் இன்னொரு இணைப்பு வகை) பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. ஃபர்ம்வேரை, அதாவது டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, மாற்றாவிட்டால் 32,768 மணி நேரம் ஓடியதும் டிரைவ் செத்துவிடும், தகவலையும் மீட்க முடியாது. ஒரே தகவலை இரண்டு டிரைவிலும் எழுதும்படி மிரர் போட்டு, அந்த இரண்டும் ஒரே நாளில் ஓடத் தொடங்கியிருந்தால், இரண்டும் சேர்ந்தே போகும். அதனால் ஃபர்ம்வேர் பதிப்பைப் பாருங்கள். ஜோடியாக வாங்கும்போது ஒரே சர்வரிலிருந்து கழற்றியதாக வாங்காதீர்கள்.

[திரையில்: சாஸ், சாட்டா, யு.2 கனெக்டர்கள் அருகருகே.]

சாஸ் டிரைவ் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மதர்போர்டின் சாட்டா கேபிளில் ஏறாது, தனி கார்டு வேண்டும். சில 520 பைட் செக்டரில் (டிரைவ் தகவலைப் பிரித்து எழுதும் துண்டு) வரும், 512-க்கு ஃபார்மேட் செய்தால்தான் வேலை செய்யும். யு.2 என்பது 2.5 இன்ச் என்விஎம்இ டிரைவ், வேகமானது, சூடும் அதிகம். சர்வர் ஃபேன் காற்றை நம்பிச் செய்தது, சின்னப் பெட்டியில் அடைத்தால் ஒரு ஃபேன் கட்டாயம். முதல்முறை வாங்குபவருக்கு சாட்டாதான் என் சிபாரிசு.

அப்புறம், பேக்கப் எடுத்து அலமாரியில் வைக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். ஆயுள் தீர்ந்த எண்டர்பிரைஸ் டிரைவ் மின்சாரமில்லாமல் 40 டிகிரியில் மூன்று மாதம் தகவலைக் காத்தாலே ஜெடெக் என்ற சிப் துறை அமைப்பின் தரத்துக்குப் போதும். அந்த வேலைக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள்.