அடிவயிற்றுக் கட்டியும் நிறைந்த சிறுநீர்ப்பையும்

நேயர்களுக்கு வணக்கம். குழந்தையின் அடிவயிற்றில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்படுகிறது என்று மருத்துவர் சொன்னதுமே, "சி.டி. எடுத்துவிடலாமா?" என்று பெற்றோர் பதறிக் கேட்பார்கள். முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்போம் என்பதே, குழந்தைகளுக்கான கதிரியல் மருத்துவராக நான் எப்போதும் சொல்லும் பதில். அதில் கதிர்வீச்சு இல்லை. தாயின் மடியில் வைத்தே பார்த்துவிடலாம்.

ஆனால், சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். குடலில் உள்ள காற்று ஒலி அலைகளை மறித்துவிடும். நிறைந்த சிறுநீர்ப்பையோ குடலை மேலே ஒதுக்கிவிட்டுச் சன்னல் போல வழிவிடுவதால், பின்னாலிருக்கும் கருப்பையும் சினைப்பைகளும் தெளிவாகத் தெரியும். இதை எத்தனை முறை சொன்னாலும், வரிசையில் காத்திருக்கும்போது பிள்ளை அழுகிறதே என்று பாட்டி கழிப்பறைக்கு அழைத்துப் போய்விடுவார். பிறகு தண்ணீர் கொடுத்து, மறுபடியும் காத்திருக்க வேண்டியதுதான். அடக்கத் தெரியாத கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுத் தயாராக இருப்போம்.

அதே சிறுநீர்ப்பை சில நேரம் கட்டியாக வேடமும் போடும். அதனால்தான் சிறுநீர் கழிக்கும் முன் ஒருமுறையும், கழித்த பின் ஒருமுறையும் பார்க்கிறோம். மலச்சிக்கலில் இறுகிய மலமும் கைக்குக் கட்டி போலவே தட்டுப்படும். உரிய வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணுக்கு மாதந்தோறும் வயிற்றுவலி வந்தால், கன்னிச்சவ்வில் திறப்பில்லாமல் உதிரம் உள்ளே தேங்கியிருக்கக்கூடும். அது புற்றுநோய் அல்ல, சிறிய அறுவை சிகிச்சையில் தீர்ந்துவிடும்.

உண்மையான கட்டிகளில், வால் எலும்பை ஒட்டி வளரும் டெரட்டோமா ஏறக்குறைய 35,000 முதல் 40,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது. பெண் குழந்தைகளிடமே அதிகம். பெரும்பாலும் அது வெளியே புடைத்து, கர்ப்பகால ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். கட்டி எவ்வளவு வெளியே, எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கும் ஆல்ட்மன் வகைப்பாட்டின் 4ஆம் வகை மட்டும் முழுவதும் உள்ளேயே ஒளிந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாத நிலையில், தீராத மலச்சிக்கலும் சிறுநீர் கழிக்கச் சிரமமுமே அதன் அடையாளங்களாக இருக்கலாம். ஆகவே, மருந்துக்கு அடங்காத மலச்சிக்கல் உள்ள சிறு குழந்தைக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்துவிடுவது நல்லது. அப்போதும் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கட்டும்.

நேரம் நெருங்கிவிட்டதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். எம்.ஆர்.ஐ. பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். அதிலும் கதிர்வீச்சு இல்லை. கட்டி முதுகுத்தண்டுக் கால்வாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பதை அறுவை நிபுணருக்குக் காட்டுவது அதுவே. அசையாமல் படுக்க வேண்டியிருப்பதால் சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும். மருத்துவர் குறித்த நேரத்துக்குப் பிறகு பாலோ பிஸ்கட்டோ கொடுத்துவிடாதீர்கள். சி.டி. முக்கியமாகத் தேவைப்படுவது, புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான். வணக்கம்.