ஐந்து விநாடி நம்முடையது, மீதி யாருடையது?

(மிச்சிகனில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

போன வருஷம் மகனுக்கு ஒரு பழைய கார் வாங்கினோம். நாலு வருஷம் ஓடிய வண்டி. டீலர் நன்றாகக் கழுவித் துடைத்து, மிதியடியெல்லாம் புதுசாகப் போட்டுக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்து என் போனை இணைக்கலாம் என்று திரையைத் தொட்டால், அங்கே ஏற்கெனவே மூன்று போன்களின் பெயர்கள் இருக்கின்றன. ஒன்றைத் தொட்டேன். யாரோ ஒரு பெண்ணின் போன். அதன் கீழே அவர் பேசிய அழைப்புகளின் பட்டியல் வரிசையாக வருகிறது: 'மாம்', ஒரு பள்ளிக்கூடத்தின் ஆபீஸ், ஒரு பல் டாக்டர், திரும்பவும் 'மாம்', அப்புறம் இன்னொரு தடவை 'மாம்'. வழிகாட்டியைத் திறந்தால் 'வீடு' என்று ஒரு முகவரி, எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷத் தூரம். அந்தப் பெண்ணை நான் பார்த்ததே கிடையாது, ஆனால் அவர் எங்கே குடியிருக்கிறார், பிள்ளை எங்கே படிக்கிறது, அம்மாவோடு எத்தனை தடவை பேசுகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். வண்டிக்குள்ளேயே தங்கியிருந்தது, அதனால் அழிக்க முடிந்தது. வண்டியை விட்டு வெளியே போய்விட்டதை யார் அழிப்பது? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

இந்த அரங்கில் பாதிப் பேர் கார் கம்பெனிகளிலோ அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் இடங்களிலோ வேலை பார்க்கிறவர்கள், நானும் அப்படித்தான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கார் எதையும் பதியவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏர்பேக்கை இயக்கும் பெட்டி முன் இருக்கைகளுக்கு நடுவிலோ டேஷ்போர்டுக்கு அடியிலோ இருக்குமே, அதற்குள்தான் பெரும்பாலும் கறுப்புப் பெட்டியும் இருக்கிறது. வேகம், பிரேக் மிதித்தோமா, ஆக்சிலரேட்டர் எவ்வளவு, சீட் பெல்ட் போட்டிருந்தோமா, இதையெல்லாம் சுழற்சியாக எழுதி எழுதி அழித்துக்கொண்டே வரும், மோதினால் மட்டும் மோதலுக்கு முந்தைய 5 விநாடியை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். 2024 டிசம்பரில் வந்த விதிப்படி அது இனி 20 விநாடியாகப் போகிறது, விநாடிக்கு 2 தடவை பதிந்தது 10 தடவை ஆகப் போகிறது.

இந்தப் பெட்டி எத்தனை பெரிய நல்லது செய்திருக்கிறது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஜெனரல் மோட்டார்ஸின் சாவித் துளைக் கோளாறை மறந்திருக்க மாட்டீர்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி 'ஆக்சஸரி' நிலைக்கு நழுவிவிடும், என்ஜின் அணைந்துவிடும், ஏர்பேக்கும் திறக்காது. 124 உயிர்கள் போனதாக அந்தக் கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதியே ஒப்புக்கொண்டது. ஓட்டியவர்தான் தப்பாக ஓட்டினார் என்று கேஸை முடித்திருந்தால் அத்தோடு போயிருக்கும். மோதுவதற்கு முன்பே சாவி நழுவியிருந்தது என்பதை அந்தப் பெட்டி காட்டியது. இறந்துபோனவர்களின் பக்கம் நின்று சாட்சி சொன்னது அதுதான்.

ஆக, அது ஒரு சாட்சி. சாட்சி யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. 2015இல் அமெரிக்க காங்கிரஸ் இதற்கு ஒரு பதில் சொன்னது. ஓட்டுநர் அந்தரங்கச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, கறுப்புப் பெட்டியில் இருப்பது வண்டியின் உரிமையாளருக்கே சொந்தம், லீஸ் எடுத்திருந்தால் லீஸ் எடுத்தவருக்குச் சொந்தம் என்று எழுதி வைத்தது. நீதிமன்ற உத்தரவு, நம் சம்மதம், அடிபட்டவருக்கு அவசர வைத்தியம் என்று சில விலக்குகள் உண்டு, மற்றபடி யாரும் தொடக்கூடாது. நல்ல சட்டம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது அந்தப் பெட்டிக்கு மட்டும்தான். அதே காரில் இன்னொரு மூலையில் ஒரு மோடம் இருக்கிறது, உள்ளே சிம் இருக்கிறது, காலையில் நாம் பால் வாங்கப் போனதிலிருந்து ராத்திரி வண்டியைக் கராஜில் விடும் வரைக்கும் கம்பெனி சர்வருக்கு அது அனுப்பிக்கொண்டே இருக்கிறது, அதற்கு இந்தச் சட்டம் கிடையாது. விபத்துக்கு முந்தின 5 விநாடிக்கு நாம் முதலாளி. மீதி நாளெல்லாம் 'சம்மதிக்கிறேன்' என்று திரையில் தட்டியவர், அவ்வளவுதான்.

தட்டினால் என்ன ஆகும் என்பது 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் வந்தது. செவர்லே போல்ட் ஓட்டும் ஒருவருக்கு இன்சூரன்ஸ் பிரீமியம் திடீரென்று 21 சதவீதம் ஏறியது. விபத்து ஒன்றும் கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை விற்கும் லெக்ஸிஸ்நெக்ஸிஸ் என்ற தரவு நிறுவனத்திடம் தன்னைப் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் 258 பக்கம். அதில் பாதிக்கு மேல் அவரும் மனைவியும் ஆறு மாதத்தில் போன ஒவ்வொரு பயணமும் இருக்கிறது: எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எத்தனை மணிக்குச் சேர்ந்தார்கள், எத்தனை மைல், எங்கெல்லாம் சட்டென்று பிரேக் போட்டார்கள் என்றல்ல, எத்தனை தடவை போட்டார்கள். சட்டென்று பிரேக் போடுவது சில சமயம் குறுக்கே ஓடி வந்த குழந்தையைக் காப்பாற்றுவதற்காக இருக்கும், அதைச் சொல்ல அந்தத் தாளில் இடமே இல்லை.

லெக்ஸிஸ்நெக்ஸிஸுக்கு இதைக் கொடுத்தது ஜெனரல் மோட்டார்ஸ், காரை இணையத்தோடு இணைக்கும் தன் ஆன்ஸ்டார் சேவையில் இருந்த 'ஸ்மார்ட் டிரைவர்' என்ற திட்டம் வழியாக. செய்தி வந்ததும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். வாடிக்கையாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.சி. விசாரித்து, சில வண்டிகளின் இருப்பிடத்தை 3 விநாடிக்கு ஒரு தடவை வரைக்கும் எடுத்திருக்கிறார்கள், திட்டத்தில் சேர்க்கும்போது வாடிக்கையாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்டியது. இந்தத் தகவல்களை 5 ஆண்டுக்கு இப்படிப்பட்ட அறிக்கை நிறுவனங்களிடம் கொடுக்கக்கூடாது என்ற உத்தரவை 2025 ஜனவரியில் முன்வைத்தது. ஐந்து ஆண்டு! எனக்கு இது போதாது. அடுத்தவன் பொருளை எடுத்து விற்றவனிடம் ஐந்து வருஷம் விற்காதே என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

விற்காவிட்டாலும் சேர்த்து வைத்தாலே ஆபத்து உண்டு. 2024 கடைசியில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தகவல் பூட்டில்லாமல் இணையத்தில் கிடந்தது தெரியவந்தது, அதில் ஏறத்தாழ 4 லட்சத்து 60 ஆயிரம் கார்கள் எங்கே நின்றன என்பது துல்லியமாக இருந்தது.

இப்போது கொஞ்சம் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். 'உரிமையாளருக்குச் சொந்தம்' என்று நானும் இத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் வீடுகளில் கார் யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் கணவர் பெயரில், கார் எங்கே நிற்கிறது என்று காட்டும் கம்பெனி ஆப்பும் அவருடைய போனில். சண்டை போட்டுக்கொண்டு பிரிந்து வந்த பெண் அந்தக் காரை ஓட்டினால், அவள் எந்தத் தோழி வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று அவன் சோபாவில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். இது கற்பனை இல்லை, இந்த நாட்டில் நடந்திருக்கிறது. உதவி கேட்டுக் கம்பெனிக்குப் போன் செய்த பெண்களிடம், வண்டி உங்கள் கணவர் பெயரில் இருக்கிறதே என்று சொல்லியிருக்கிறார்கள். கலிஃபோர்னியா 2024இல் இதற்கென்றே சட்டம் போட்டது, பாதிக்கப்பட்டவர் உரிய ஆதாரத்தோடு கேட்டால் அந்த ஆளின் ஆப் இணைப்பைக் கம்பெனி 2 வேலை நாட்களுக்குள் துண்டிக்க வேண்டும். அதனால் நான் இப்போது உரிமையாளர் என்று மட்டும் சொல்வதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. சட்டம் எழுதுகிறவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

மக்கள் இதைப் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று சொல்வார்கள். மாசசூசெட்ஸில் 2020இல், காரிலிருந்து கம்பியில்லாமல் போகும் பழுதுத் தகவல் உரிமையாளருக்கும் அவர் தேர்ந்தெடுக்கும் மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்று வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 75 பேர் ஆமாம் என்றார்கள். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின, ஆண்டுக்கணக்கில் இழுத்தது, ஆனால் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஐரோப்பாவில் 2025 செப்டம்பரிலிருந்து புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, தன் கருவி உருவாக்கும் தகவலைக் கேட்டு வாங்கவும், தான் சொல்லும் ஆளிடம் கொடுக்கச் செய்யவும் பயன்படுத்துகிறவருக்கு உரிமை. ஊரில் அப்பா அம்மா வாங்கும் கார்களிலும் இப்போது சிம் வந்துவிட்டது, அவர்களிடமும் சொல்லுங்கள், அந்த ஆப்பில் என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் நிரல் எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. நீங்கள் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது, 'இதையும் எடுத்து வைப்போம், பின்னால் பயன்படும்' என்று யாராவது சொன்னால், எதற்கு, எத்தனை நாளைக்கு, யாருக்கு என்று கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன். அறை ஒரு நிமிஷம் அமைதியாகும், அவ்வளவுதான், வேலை ஒன்றும் போய்விடவில்லை.

காரை விற்பதற்கு முன்னால், லீஸ் முடிந்து திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால், செட்டிங்கில் போய் முழுவதையும் அழியுங்கள், ஆப்பிலிருந்தும் வண்டியை நீக்குங்கள், கராஜ் கதவைத் திறக்கக் காரில் பதிந்து வைத்த பட்டனையும் அழியுங்கள், அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். லெக்ஸிஸ்நெக்ஸிஸிடம் உங்களைப் பற்றிய அறிக்கையை வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாகக் கேட்டு வாங்கலாம், சட்டப்படி அவர்கள் தந்தே ஆக வேண்டும். எப்படி விண்ணப்பிப்பது என்று தெரியாதவர்கள் சாப்பாட்டுக்குப் போவதற்கு முன்னால் பின் வரிசைக்கு வாருங்கள், மகனும் நானும் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறோம், ஓட்டுநர் உரிம அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால் பத்து நிமிஷத்தில் முடித்துவிடலாம்.