எனிக்மாவைக் கோடில் கட்டுவோம்: நடு ரோட்டரை யார் சுற்றுவது?

[திரையில்: மூடி திறந்த எனிக்மா, உள்ளே மூன்று ரோட்டர்கள், அதாவது சுழலும் சக்கரங்கள்]

ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் சொல்லித்தரும்போது வழக்கமான உதாரணம் இதுதான்: விலங்கு என்று ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்ட்களுக்கான வார்ப்பு), அதற்குக் கீழே நாய், பூனை. நாய் குரைக்கும், பூனை கத்தும், சரி, அப்புறம்? இதற்கு எதற்கு இத்தனை கிளாஸ் என்று மாணவர் கேட்டால் நியாயமான பதிலே கிடையாது.

அதனால் எனிக்மாவைக் கொடுங்கள். ஆர்தர் ஷெர்பியஸ் 1918-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த, பின்னாளில் ஜெர்மன் ராணுவம் எடுத்துக்கொண்ட சங்கேத இயந்திரம். இதில் எது ஆப்ஜெக்ட் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ரோட்டரைக் கையால் கழற்றியே எடுக்கலாம். உள்ளே 26 கம்பி இணைப்புகள், அவை மாறாது. எந்த எழுத்து மேலே நிற்கிறது என்பது மட்டும் மாறும். ஒரு எழுத்தைக் கொடுத்தால் கம்பி வழியாக ஒரு எழுத்து வெளியே வரும், கம்பி எங்கே போகிறது என்பது வெளியே யாருக்கும் தெரியத் தேவையில்லை.

[திரையில்: மின்சாரம் பிளக்போர்டு (எழுத்துகளை ஜோடி ஜோடியாக மாற்றும் பலகை), மூன்று ரோட்டர், ரிஃப்ளெக்டர் (மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் பாகம்) வழியாகப் போய்த் திரும்பி வந்து விளக்கை எரிய வைக்கிறது]

ரிஃப்ளெக்டரிலும் கம்பிதானே என்று அதை ரோட்டரிலிருந்து இன்ஹெரிட் செய்ய, அதாவது ரோட்டர் கிளாஸின் வாரிசாக எழுத, நிறையப் பேருக்குக் கை பரபரக்கும். தடுக்காதீர்கள். மூன்று ரோட்டர் ராணுவ மாடலில் ரிஃப்ளெக்டர் சுழலவே சுழலாது, ஆக 'சுழல்' மெத்தடை (ஆப்ஜெக்ட் செய்யும் செயலை) காலியாக விட வேண்டிய இடத்தில் அவர்களே நின்று யோசிப்பார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் உண்மையான பாடம் சுழற்சியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் வலது ரோட்டர் ஒரு எழுத்து நகரும். வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி, ஒரு ரோட்டர் தன் பள்ளத்துக்கு (விளிம்பில் வெட்டியிருக்கும் இடத்துக்கு) வந்ததும் பக்கத்து ரோட்டரைத் தள்ளிவிடும் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். எனிக்மா அப்படி இல்லை. நடு ரோட்டர் தன் பள்ளத்தில் நின்றால் அடுத்த அழுத்தலில் இடது ரோட்டரோடு சேர்ந்து தானும் நகரும், இதுதான் இரட்டை நகர்வு. அப்படியானால் முடிவெடுக்க வேண்டியது ரோட்டர் அல்ல, இயந்திரம்: முதலில் 'பள்ளத்தில் நிற்கிறாயா?' என்று வலது, நடு இரண்டு ரோட்டரிடமும் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் சுழற்ற வேண்டும். கேட்பதும் சுழற்றுவதும் கலந்தால் கணக்கு தப்பும்.

டெஸ்ட்? இடமிருந்து வலமாக ரோட்டர்கள் 1, 2, 3, பி வகை ரிஃப்ளெக்டர், ரிங்கும் (ரோட்டரைச் சுற்றிய எழுத்து வளையம்) தொடக்க நிலையும் எல்லாம் ஏ, பிளக் எதுவும் வேண்டாம். ஏ-வை ஐந்து முறை அழுத்தினால் பி-டி-இசட்-ஜி-ஓ வர வேண்டும். வந்துவிட்டது என்று குதிக்காதீர்கள், இந்த ஐந்து அழுத்தலில் நடு ரோட்டர் அசையவே இல்லை. சங்கேதத்தைத் திரும்ப அடித்தால் மூலச் செய்தி வருகிறதே என்றால், சுழற்சி தப்பாக இருந்தாலும் அது வரும், ஏனென்றால் இரண்டு தடவையும் ஒரே தப்புதான் நடக்கிறது.

[திரையில்: ஏ-டி-யு → ஏ-டி-வி → ஏ-இ-டபிள்யூ → பி-எஃப்-எக்ஸ்]

ஆகவே இடது, நடு, வலது ரோட்டர்களை ஏ-டி-யு-வில் நிறுத்தி மூன்று முறை அழுத்தச் சொல்லுங்கள். கடைசியில் ஏ-இ-எக்ஸ் என்று காட்டினால், அந்த கோடில் ரோட்டர்கள் இன்னமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கின்றன.