குக்கர் விசிலும் கிரீப்பரும்: மைன்கிராஃப்டுக்குள் எங்கள் வீட்டு ஓசைகள்

வணக்கம். சற்றுப் பொறுங்கள், குக்கர் இன்னும் ஒரு விசில் அடிக்க வேண்டும். அடிக்கட்டும்.

கேட்டீர்களா? வழக்கமாக விசில் வந்தால் காணொளிப் பதிவை நிறுத்திவிட்டுச் சமையலறைப் பக்கம் முறைத்துப் பார்ப்பேன். இன்று நிறுத்தவில்லை. இன்றைய காணொளியே அந்த விசிலைப் பற்றியதுதான்.

மைன்கிராஃப்ட், சதுரக் கட்டங்களை அடுக்கி உலகம் கட்டும் விளையாட்டு. அதை விளையாடுகிறவர்களுக்குக் கிரீப்பர் என்ற பிராணியைத் தெரியும். பச்சை உடம்பு, கை கிடையாது, ஓசையில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். ஸ்ஸ்ஸ் என்று சீறும். ஒன்றரை வினாடியில் வெடிக்கும். நாள் முழுக்கக் கட்டிய சுவர் இருந்த இடத்தில் பள்ளம் இருக்கும். அந்தச் சீறலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுக் குக்கர்தான் நினைவுக்கு வரும். சரி, அதையே உள்ளே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு மாலை நேர வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் காட்டப்போவது கணினியில் ஓடும் ஜாவா பதிப்பு. கைபேசியில் ஆடும் பெட்ராக் பதிப்பில் கோப்புகளின் அமைப்பே வேறு. இதை அங்கே அப்படியே செய்து பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று என்னைத் திட்டாதீர்கள்.

ஜாவாவில் ரிசோர்ஸ் பேக் என்று ஒரு கோப்புறை உருவாக்குகிறோம். விளையாட்டின் மூலக் கோப்புகளைத் தொடவே வேண்டாம். பழைய ஒலிக்கு என்ன பெயரோ, அது எந்த இடத்தில் இருக்கிறதோ, அதே பெயரில் அதே இடத்தில் நம் கோப்பை வைத்தால் விளையாட்டு நம்முடையதை எடுத்துக்கொள்ளும். உள்ளே ஒரு சிறிய அறிமுகக் கோப்பு வேண்டும், அதில் ஓர் எண் இருக்கும், அது பதிப்புக்குப் பதிப்பு மாறும். திரையில் காட்டுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். இதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை.

சுவாரசியம் மாட்டில்தான் தொடங்கியது. குக்கருக்கு முன்னால், எளிதாக ஒன்றைச் செய்து பழகுவோம் என்று பெரியம்மா வீட்டுப் பசுவைப் பதிவு செய்யப் போனேன். நான் போனால் அது கத்தாது. கைபேசியை நீட்டினால் மூக்கால் முகர்ந்து பார்க்கும். கடைசியில் கன்றை அவிழ்த்து அப்பால் கட்டியதும் ஒரு குரல் கொடுத்தது பாருங்கள், எனக்கே மனசு கேட்கவில்லை. உடனே அவிழ்த்து விட்டுவிட்டேன். ஆனால் பதிவு கிடைத்துவிட்டது.

விளையாட்டில் போட்டேன். பண்ணை முழுக்கச் சுற்றினேன். மாடு வடக்கே இருந்தாலும் தெற்கே இருந்தாலும் ஒரே மாதிரி, காதுக்குள் உட்கார்ந்துகொண்டு கத்துவது போலவே கேட்டது. விலகி நடந்தால் ஓசை தேயவேண்டும் அல்லவா? தேயவில்லை. ஒரு நாள் முழுக்க எங்கே தவறு என்று தேடினேன். காரணம் இதுதான்: என் கைபேசி ஸ்டீரியோவில், அதாவது இடம், வலம் என்று இரண்டு தடங்களில், பதிவு செய்கிறது. மைன்கிராஃப்டில் ஸ்டீரியோ ஒலிக்குத் திசையும் கிடையாது, தூரமும் கிடையாது. மோனோவாக, அதாவது ஒற்றைத் தடமாக, இருந்தால்தான் எந்தப் பக்கம் என்று தெரியும், இயல்பாகப் பதினாறு கட்டத்துக்குள் தேய்ந்து மறையும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டு தடங்களையும் ஒன்றாக்கிவிட்டேன். இரண்டு சொடுக்கு. அந்த இரண்டு சொடுக்குக்கு ஒரு நாள்.

அடுத்த வேடிக்கை கன்று. கன்றுக்கென்று தனி ஒலி கிடையாது. தாய் மாட்டின் ஒலியையே விளையாட்டு சுருதி கூட்டி, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒலிக்கவிடுகிறது. என் அக்கா மகன் மாடு போலக் கத்திக் கொடுத்ததை வேறொரு கோப்பில் வைத்திருந்தேன். பெரிய மாட்டின் வாயில் அது ஓரளவு பொருந்தியது. கன்றின் வாயில் வந்தபோது எலிக்கு இருமல் வந்தது போல இருந்தது. அவன் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிக்கொண்டான்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடம். விளையாட்டில் சரளைக் கல்லில் நடக்கும் ஓசையை மாற்ற நினைத்தேன். தெருமுனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த ஜல்லியில் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் நடந்தேன், பஸ் ஓட்டம் தொடங்குவதற்கு முன். காவலாளி டார்ச் அடித்துப் பார்த்தார். விளக்கம் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வீட்டுக்கு வந்து கேட்டால், வெறும் இரைச்சல். மழை நாளில் பழைய ரேடியோ கரகரப்பது போல. உண்மையான ஜல்லி, உண்மையான செருப்பு. ஆனால் கேட்கிறவன் நம்பமாட்டான்.

அன்று மதியம் சாப்பிடும்போது அப்பா அப்பளத்தை உள்ளங்கையில் வைத்து நொறுக்கினார். அதே ஓசை! நான் ஜல்லியில் தேடியது அப்பாவின் தட்டில் இருந்தது. நான்கு அப்பளம் நொறுக்கி நான்கு கோப்பு எடுத்தேன். ஏன் நான்கு என்றால், ஒரே ஓசை திரும்பத் திரும்ப வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும், இயந்திரம் தட்டுவது போல ஆகிவிடும். அதனால்தான் விளையாட்டிலும் ஒரு நடைக்குப் பல கோப்புகளை வைத்து மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். ஒரே ஒரு தொல்லை: சாதாரண மண்ணுக்கும் அதே சரளை ஒலிதான். ஆகவே இப்போது என் உலகத்தில் மண்ணைத் தோண்டிய இடமெல்லாம் நடந்தால் அப்பளம் நொறுங்குகிறது. பழகிவிட்டது, பசிக்கவும் செய்கிறது.

ஒன்றின் ஓசைக்கு வீட்டிலிருக்கும் வேறொன்றை வைப்பது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. மைன்கிராஃப்டின் தொடக்ககால ஒலிகளையும் இசையையும் அமைத்தவர் டேனியல் ரோசன்ஃபெல்ட், சி418 என்ற பெயரில் அறியப்படுகிற ஜெர்மானியர். 2010-இல் வந்த காஸ்ட் என்ற வெள்ளை ராட்சதப் பிராணி, நெதர் என்ற நரக உலகத்தில் மிதந்துகொண்டு அழுமே, அதன் குரல் அவருடைய வீட்டுப் பூனையுடையது. தூங்கிக்கொண்டிருந்த பூனையைத் திடீரென்று எழுப்பியபோது வந்த முனகல். நெருப்புக் குண்டு துப்பும் பூதத்துக்கு அரைத்தூக்கப் பூனை! ராட்சதனை எங்கே போய்ப் பதிவு செய்வது? வீட்டில் எது கிடைக்கிறதோ அதுதான்.

சரி, குக்கருக்கு வருவோம். இதில்தான் பத்து நாள் போனது. ஒன்றரை வினாடிக்குச் சரியாக வெட்டினேன், இரைச்சல் நீக்கினேன், மோனோ ஆக்கினேன், வைத்தேன். கிரீப்பர் வந்தது. விசில் வரவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதுவது போல ஊவ்வ்வ் என்றது. அது வெடித்து, நான் செத்து, திரையில் செத்துவிட்டாய் என்று வந்த பிறகும் ஊதிக்கொண்டே இருந்தது. விஷயம் என்னவென்றால், கிரீப்பரின் சீறலை விளையாட்டு பாதிச் சுருதியில் ஒலிக்கவிடுகிறது. சுருதி பாதியானால் நீளம் இரட்டிப்பாகும். என் ஒன்றரை வினாடி மூன்று வினாடியாகிவிட்டது.

இன்னொன்று: அந்த ஒலிக்கோப்பு கிரீப்பருடையது மட்டுமல்ல, டிஎன்டி வெடியின் திரிக்கும் அதுதான். கோப்பை மாற்றினால் இரண்டும் மாறும். எனக்கு டிஎன்டி பழையபடியே இருக்கவேண்டும். இங்கேதான் சவுண்ட்ஸ் ஜேசன் என்ற கோப்பு வருகிறது. எந்த நிகழ்வுக்கு எந்த ஒலி என்று எழுதிவைக்கும் பட்டியல் அது. கிரீப்பருக்கு மட்டும் என் கோப்பு என்று எழுதி, பழையதை நீக்கச் சொல்லி, சுருதி இரண்டு என்று போட்டேன். பாதியும் இரண்டும் பெருகினால் ஒன்று. கணக்கு சரியாகிவிட்டது. விசைப்பலகையில் எஃப்3-யும் டி-யும் சேர்த்து அழுத்தினால் விளையாட்டை மூடாமலே புது ஒலி ஏறிவிடும். அழுத்தினேன். இதோ, கேளுங்கள்.

கேட்டீர்களா! சாம்பார் தயார் என்று திரும்பிப் பார்த்தால் வீடு இல்லை.

நீங்களும் செய்யும்போது தடுக்கி விழும் இரண்டு இடங்கள் உண்டு, நான் விழுந்தவை. கோப்புப் பெயரில் சிறிய ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு போன்றவைதான் செல்லும். நான் ஆசையாகத் தமிழில் பெயர் வைத்தேன், மௌனம் சாதித்தது. அடுத்து, ஒலிக்கோப்பின் பெயர் ஓஜிஜி என்று முடிந்தால் மட்டும் போதாது, உள்ளே ஒலியைச் சுருக்கி வைத்திருப்பது வார்பிஸ் என்ற முறையாக இருக்கவேண்டும். அக்கா கைபேசியிலிருந்து அனுப்பிய குரல் செய்தி ஓப்பஸ் என்ற வேறொரு முறையில் இருந்தது. பெயரை மட்டும் மாற்றி வைத்துவிட்டு இரண்டு நாள் ஏமாந்தேன். ஆடாசிட்டியில் திறந்து மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.

கடைசியாக அழைப்பு மணி. விளையாட்டில் வீரரின் தலை என்று ஒரு பொருள் உண்டு, அதை நோட் பிளாக் என்ற இசைக்கும் கட்டத்தின் மேல் வைத்து, அந்தத் தலைக்கு நாம் விரும்பும் ஒலியைக் கட்டளை வழியாகக் கொடுக்கலாம். கட்டளை திரையில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் அம்மாவின் குரல்: "யாரது? செருப்பை வெளியே விடு." நோட் பிளாக்கின் ஒலி நாற்பத்தெட்டுக் கட்டம் வரை கேட்கும். நேரிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

அம்மாவை அழைத்து, பொத்தானை அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். இன்னொரு முறை அழுத்தினார். "இது சளி பிடித்திருந்த அன்று எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பேசித் தருகிறேன், அதுவரை யாருக்கும் காட்டாதே" என்றார்.

ஆகவே அந்தக் கோப்பை மட்டும் இப்போது பகிரவில்லை. குக்கரும் அப்பளமும் கீழே இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள்.