வந்தியின் பங்கு

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ஆற்று வெள்ளத்தைத் தடுப்பது மக்களின் பொறுப்பு அல்ல, அரசின் பொறுப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு வரி சொன்னார், அரங்கமே சிரித்தது. "ஆற்றின் படுக்கையில் போய்ப் படுத்துக்கொண்டு, ஆறு வந்து எழுப்பிவிட்டதே என்று அழுகிறார்கள்." சரி, கைதட்டல் வாங்கிவிட்டார். ஆனால் நண்பரே, அந்தப் படுக்கையை மனையாகப் பிரிக்க விட்டது யார்? வரைபடத்தில் முத்திரை குத்தியது யார்? கதவு எண் கொடுத்து, மின்கம்பம் நட்டு, சாலை போட்டு, ஆண்டு தவறாமல் வரி வாங்கியது யார்? ஆறு எந்த ஆண்டில் எதுவரை ஏறியது என்ற கணக்கு அலுவலக ஏட்டில் இருக்கிறது. வீடு வாங்கியவர் பார்த்தது காய்ந்த தரையும் கையெழுத்துப் போட்ட பத்திரமும்தான். ஏட்டை வைத்திருந்தவரை விட்டுவிட்டு, பத்திரத்தை நம்பியவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே!

மழைதான் காரணம் என்றும் சொன்னார். பெய்வது மழைதான். மேலே காட்டை அழித்து, நடுவில் ஏரியைத் தூர்ந்துபோக விட்டு, கீழே முகத்துவாரத்தை மணல் அடைக்க விட்டால் அது வெள்ளம். இந்த மூன்றில் எதைத் தனி ஒரு வீட்டுக்காரர் தடுக்க முடியும்?

அப்புறம் அதே நண்பர் திருவிளையாடற் புராணத்துக்குப் போனார். வைகை பெருகியபோது ஆளுக்கு ஒரு பங்கு என்று மக்கள்தானே கரையை அடைத்தார்கள் என்றார். பாதிக் கதையோடு உட்கார்ந்துவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

வைகை ஏன் பெருகியது? அரிமர்த்தன பாண்டியன் மாணிக்கவாசகரைச் சுடுமணலில் நிறுத்தினான், அதனால். வினை அரண்மனையுடையது. கரையை அடை என்ற கட்டளை மட்டும் யாருக்கு வந்தது? பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக்கு. பிள்ளை இல்லை, ஆள் இல்லை, கூலி கொடுக்கக் காசும் இல்லை. இறைவனே கூலியாளாக வந்தான், உதிர்ந்த பிட்டுக்கு மண் சுமந்தான்.

இதையே இன்னொரு தடவை, மேற்பார்வைக்கு வந்தவனின் கண்ணால் பாருங்கள். கரையோரமாக நடந்து வருகிறான். இந்தப் பங்கு அடைபட்டுவிட்டது, அந்தப் பங்கும் அடைபட்டுவிட்டது. ஒரே ஓர் இடம் வாய் பிளந்து கிடக்கிறது, தண்ணீர் உள்ளே பாய்கிறது. "இது யார் பங்கு?" என்கிறான். வந்தியின் பங்கு! நடுவர் அவர்களே, மற்ற எல்லாப் பங்கும் அடைபட்டு என்ன பயன்? தண்ணீர் அந்த ஒரு பங்கு வழியாக ஊர் முழுவதற்கும் வரும். பங்கை அடைக்காத அந்தக் கூலியாளை மன்னன் பிரம்பால் அடித்தானே, அந்த அடி யார் முதுகில் விழுந்தது? எல்லார் முதுகிலும். அரசன் முதுகிலும்!

கரை எப்படி உடைகிறது தெரியுமா? எலி வளை அளவு ஓட்டையில் முதலில் தெளிந்த நீர் கசியும். அது கலங்கலாக வரத் தொடங்கினால், கரைக்குள் இருக்கும் மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அந்த நேரத்தில் சுற்றிலும் மணல் மூட்டை அடுக்க வேண்டும். தெளிவு கலங்கலாகும் அந்தக் கணத்தைப் பிடிக்க, இரவெல்லாம் டார்ச்சோடு கரையில் நடக்கப் பழகிய ஆள் வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய வேலை இது.

1927இல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு பெருகியது. நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காப்பாற்றவென்று, ஏப்ரல் 29ஆம் தேதி நகருக்குக் கீழே கார்னார்வான் என்ற இடத்தில் கரையை வெடி வைத்து உடைத்தார்கள். அந்தப் பக்கம் இருந்தவர்கள் மீன்பிடித்தும் விலங்குகளுக்குப் பொறி வைத்தும் பிழைத்த ஏழைகள். இழப்பீடு தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலோருக்குச் சொன்னபடி கிடைக்கவில்லை. அதற்குள் மேலே வேறு இடங்களில் கரை உடைந்து, வைத்த வெடியே தேவையற்றதாகிவிட்டது. இங்கே வந்தியின் பங்கு அடைபடாமல் கிடந்தது, அங்கே அதை வெடி வைத்தே திறந்தார்கள். மறு ஆண்டு, 1928இல், அந்த ஆற்றின் கீழ்ப்பகுதி வெள்ளத் தடுப்பை மத்திய அரசே ஏற்கும் சட்டம் வந்தது. உள்ளூர்க்காரர் தலையில் கட்டிப் பார்த்துத் தோற்ற பிறகு வந்த சட்டம் அது.

வாய்க்காலில் குப்பை போடாதே என்று எதிரணி சொன்னால் தலைவணங்குகிறேன். அதைத் தாண்டி "உன்னை நீயே காத்துக்கொள்" என்று யாரிடம் சொல்கிறீர்கள்? ஆற்றோரத் தெரு ஒவ்வொன்றிலும் இன்றைக்கும் ஒரு வந்தி இருக்கிறார். நள்ளிரவில் ஒலிபெருக்கி கத்துகிறது: தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும். அந்த அம்மா கட்டிலின் மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கட்டில் கால் முழுகிவிட்டது. வாசல் வரை நடக்கவே அவருக்கு ஒரு கை வேண்டும். எங்கே செல்வார்? பெற்ற தாயாக இருந்தால் அவரிடம் போய் "இது உன் பங்கு" என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

நடுவர் மணி அடித்துவிட்டார். ஒரே ஒரு வேண்டுகோள். எங்கள் அணிக்குத் தீர்ப்பு தராவிட்டாலும் பரவாயில்லை ஐயா. அந்த அம்மாவின் வாசலுக்குப் படகு அனுப்ப வேண்டியவர் யார் என்பதை மட்டும் இந்த மேடையிலேயே சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.